எந்த ஊர்க் கட்டைலே இது?

அம்பாசமுத்திரத்தில் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குக் கடைசல் பட்டறை இருந்தது. செப்புச் சாமான், அதாவது பிள்ளைகள் விளையாடுகிற மரச் சாமான் கடைவார். அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, பானை, அடுப்பு எல்லாம் உள்ளங்கை அளவில் வரும். லோடு கட்டை வந்து இறங்கினால் விலை பேசுவதற்கு முன்னால் தாத்தா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த ஊர்க் கட்டைலே இது?" கேட்டுவிட்டு ஒரு துண்டை எடுத்து மோந்து பார்ப்பார். நகத்தால் கீறுவார். மஞ்சள் கடம்பு என்று சொல்லிக் கொண்டுவந்ததில் வேறு மரம் கலந்திருந்தால் அப்படியே திருப்பி ஏற்றச் சொல்லிவிடுவார். எனக்குப் பத்து வயது இருக்கும். எதுக்குத் தாத்தா இவ்வளவு பாக்கீங்க என்று கேட்டேன். "பிள்ளைக வாயில வைக்கும்லே. தெரியாத கட்டைய எப்படிக் குடுக்க?" என்றார்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போனேன். 19 வருஷம் ஆகிறது. சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல் இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். வேலை முடிந்த நேரத்தில் மரம், தோல், பித்தளை என்று எதையாவது செய்துகொண்டிருப்பேன். லீவில் ஊருக்கு வரும்போது கப்பலுக்குப் புதிதாகப் போகிற பையன்கள் வீட்டுக்கு வந்து, அண்ணாச்சி இதெல்லாம் எங்கே வைத்துச் செய்தீர்கள், என்ன சாமான் வேண்டும் என்று கேட்கிறார்கள். சாமான் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு உளி, ஒரு சின்ன இழைப்புளி, இரண்டு அரம், ஒரு குத்தூசி, இரண்டு தையல் ஊசி, இவ்வளவு போதும். சொல்ல வேண்டியது தாத்தா கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றித்தான். கப்பலில் கைக்குக் கிடைக்கிற ஒவ்வொரு துண்டும் வேறு எதுவாகவோ இருந்துவிட்டு வந்தது. அது என்னவாக இருந்தது என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். கப்பலில் மரம் என்றால் முக்கால்வாசி டன்னேஜ் கட்டைதான். சரக்கு நகராமல் இருக்க அடியிலும் இடுக்கிலும் போடுகிற பலகை, சட்டம், ஆப்பு. பெரும்பாலும் பைன். சரக்கு இறங்கியதும் மிஞ்சுகிற கட்டை டெக்கில் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அதை எடுத்ததும் நான் தேடுவது முத்திரையை. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் நாட்டின் எழுத்து, ஒரு எண், கடைசியில் என்ன பக்குவம் செய்தார்கள் என்பதற்கு இரண்டு எழுத்து, எல்லாம் சூட்டுக்கோல் வைத்த மாதிரி பதிந்திருக்கும். பூச்சி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கட்டையோடு போய்விடக் கூடாது என்பதற்காக உலகம் முழுக்க இருக்கிற ஏற்பாடு இது. எச்.டி. என்று இருந்தால் கட்டையின் நடுத்தண்டு வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷமாவது வைத்து எடுத்தது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுப் புகை போட்டது. எச்.டி. மட்டும்தான் எடுப்பேன். எம்.பி. கட்டையையும் முத்திரையே இல்லாத கட்டையையும் தொடுவதில்லை. எச்.டி.யே ஆனாலும் எண்ணெய் குடித்திருந்தாலோ, ரசாயன வாடை அடித்தாலோ கீழே வைத்துவிடுவேன். முத்திரை சொல்வது கட்டை புறப்பட்ட கதையை மட்டும்தான். வழியில் அதன் மேல் என்ன சிந்தியது என்று மூக்குதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் காந்தம். ஒர்க்‌ஷாப்பில் கீழே விழுந்த நட்டு எடுக்க நீட்டுகிற காந்தக் கம்பி இருக்கும். கட்டையின் நாலு பக்கமும் அதை மெதுவாக ஓட்டுங்கள். உள்ளே முறிந்து கிடக்கிற ஆணி சட்டென்று இழுக்கும். நான் இதைச் செய்யாமல் விட்ட ஒரு நாளில் இழைப்புளியின் வாய் அரிசிமணி அளவு பெயர்ந்துபோனது. அதைத் தீட்டி நேராக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அதிர்ஷ்டம் இருந்தால் தேக்கு கிடைக்கும். பழைய கப்பல்களில் கைப்பிடிச் சட்டம் தேக்கில் இருக்கும். உப்புக் காற்றில் வெளுத்து, மேலே சாம்பல் படிந்த மாதிரி கிடக்கும். அதை மாற்றியபோது போசன், அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரி, இரண்டு முழம் துண்டு ஒன்றை ஓரமாக வைத்திருந்தார். இழைப்புளியை ஒரு தடவை இழுத்ததும் சாம்பலுக்குக் கீழே இருந்து தேன் நிறம் வந்தது, அதோடு நல்லெண்ணெய்ச் செக்குப் பக்கம் போனது போல ஒரு கனமான வாசனை. எத்தனை வருஷம் வெயிலிலும் உப்பிலும் கிடந்த கட்டை அது! போசன் பிலிப்பைன்ஸ்காரர். அந்த வாசனைக்கு அவரும் வந்து நின்று மூக்கை வைத்துவிட்டுச் சிரித்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். கழித்துப் போட்டது என்றாலும் கப்பலில் இருக்கிற துண்டு கப்பல் உடைமைதான். மரத்துக்கு சீப் ஆபீசரிடமும், பித்தளை, வெண்கலத்துக்கு சீப் இன்ஜினியரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பித்தளைக் கழிவுக்கு விலை உண்டு, எடை போட்டுக் கணக்கு வைப்பார்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

நேரமும் அப்படித்தான். கப்பல்காரனுக்கு எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு இருந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த ஓய்விலிருந்துதான் நம் கைவேலைக்கு நேரம் எடுக்கிறோம். தூக்கத்தில் கடன் வாங்கி உளி பிடித்தால் அடுத்த நாள் கிரைண்டர் முன்னால் கண் சொருகும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம், அதற்கு மேல் நான் போவதில்லை. துறைமுகத்தில் நிற்கிற நாளில் அதுவும் கிடையாது. பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போகிற மாதிரி 40 நாளுக்கு மேல் தண்ணீரையே பார்க்கிற ஓட்டம்தான் கைவேலைக்கு ஏற்றது.

எதை எங்கே வைத்துச் செய்வது என்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். தோல் வேலைக்கு மட்டும்தான் கேபின். பக்கத்து கேபினில் நடுராத்திரி வாட்ச்சுக்குப் போகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார், அங்கே சுத்தியல் சத்தம் கூடாது. மரத்தூள் பறக்கிற வேலையும் கேபினில் வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூள் புகை உணர்கருவிக்குள் போனால் மணி அடித்துவிடும். மொத்தக் கப்பலும் லைஃப் ஜாக்கெட்டோடு ஓடிவரும். மரமும் உலோகமும் ஒர்க்‌ஷாப்பில்தான், அதுவும் அங்கே வேலை நடக்காத நேரத்தில்.

கப்பல் ஆடும்போது உளி பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி எழுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் நிற்கும். காலை அகட்டி வைத்து, துண்டை வைஸில் கடித்துவிட்டு, அந்த நிற்கிற நேரத்தில் மட்டும் வெட்ட வேண்டும். சாய்கிறபோது கையை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் பழகினால் உடம்பே சொல்லித்தரும். சாமான்களை மேசையில் பரப்பி வைக்கக் கூடாது. கான்வாஸில் பை தைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை வைத்துச் சுருட்டிக் கட்டிவிடுவேன், வேண்டியதை மட்டும் உருவுவேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடலைத் தாண்டும்போது உளியையே எடுப்பதில்லை. அந்த நாட்களுக்கென்று தோல் தையல் இருக்கிறது.

லேத் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கப்பலில் லேத்தைப் பார்த்ததும் எனக்குத் தாத்தா பட்டறைதான் நினைவுக்கு வந்தது. கப்பல் லேத் இரும்பு கடைவதற்கு உண்டானது. அதில் மரம் கடைந்தால் தூள் போய் வழித்தடத்தில் இருக்கிற எண்ணெயோடு சேர்ந்து களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். மரத்தூள் ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் போனால் இரண்டே நாளில் அந்தப் பளபளப்பான இரும்பில் துரு. முதலில் தூரிகையால் தள்ளி, பிறகு துணியால் துடைத்து, புது எண்ணெய் தடவிவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். லேத் ஓடும்போது கையுறை கூடாது, பாய்லர் சூட் என்கிற வேலை உடுப்பின் கைப்பட்டி தளர்ந்திருக்கக் கூடாது, துணி அதன் பக்கமே வரக் கூடாது. துண்டைப் பிடித்துச் சுழற்றுகிற சக்கில் அதை இறுக்குகிற சாவியை விட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் அது குண்டு மாதிரி பறக்கும். சாவி சக்கில் இருந்தால் அதன் மேல் என் கை இருக்கும், இல்லையென்றால் அது கொக்கியில் தொங்கும். மூன்றாவது இடம் கிடையாது. கப்பல் லேசாக ஆடினாலும் லேத்தைத் தொடுவதில்லை.

இனி சொல்வது நான் செய்த பெரிய தப்பு. அந்தத் தேக்குத் துண்டில் ஒரு பெட்டி செய்தேன். ஒரு சாண் நீளம், மூடி தனி. பெயின்ட் ஸ்டோரில் ஆளிவிதை எண்ணெய் இருந்தது, கேட்டு வாங்கி ஒரு சாயங்காலம் பெட்டிக்கு ஊட்டினேன். மரம் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க ரேகைகள் எழுந்து வந்ததைப் பார்த்துக்கொண்டே மூன்று நான்கு துணி மாற்றினேன். அந்தத் துணிகளைச் சுருட்டி ஒர்க்‌ஷாப் மூலையில் இருந்த கழிவு டப்பாவில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். ராத்திரி இன்ஜின் ரூமில் ரவுண்டு வந்த ஆயிலருக்குக் கருகல் வாடை அடித்திருக்கிறது. டப்பாவைத் திறந்தால் புகை. உடனே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார். இன்னும் அரை மணி நேரம் அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. கீழே எண்ணெய்த் தொட்டி, சுற்றிலும் கடல். ஓடிப்போக இடம் கிடையாது.

தீக்குச்சி கிழிக்கவில்லை, மின்பொறி இல்லை. ஆளிவிதை எண்ணெய் காய்கிறது என்று நாம் சொல்வது உண்மையில் அது காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. சேரும்போது சூடு வரும். பலகையில் மெல்லிசாகப் பூசியிருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டின துணிக்குள் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகப் பற்றிக்கொள்ளும். மறுநாள் சீப் இன்ஜினியரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து எண்ணெய்த் துணியை மூடி போட்ட இரும்பு டப்பாவில், தண்ணீரில் முக்கி வைக்கிறேன். கண் முன்னால் அப்புறப்படுத்திய பிறகுதான் தூக்கம். வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் இந்த எண்ணெய் போடுகிறவர்கள் ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்.

உலோகத்தில் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. எண்ணெய்க் கப்பலில் தீப்பொறி பறக்காத சுத்தியலும் ஸ்பேனரும் வைத்திருப்பார்கள். பொன் நிறத்தில் அழகாக இருக்கும். வாய் உடைந்த ஸ்பேனர் ஒன்று கிடைத்தது, அதில் மோதிரம் கடையலாம் என்று கிரைண்டர் பக்கம் கொண்டுபோனேன். சீப் இன்ஜினியர் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். அந்த வகைச் சாமான்களில் சில பெரிலியம் கலந்த செம்பு. கலந்திருப்பது சுமார் 2 சதவீதம்தான், ஆனால் அதை அராவினால், தேய்த்தால் வருகிற தூசி நெஞ்சுக்குள் போய்க் குணமாகாத நுரையீரல் நோயைத் தரும். சில சாமான்கள் பெரிலியம் இல்லாத அலுமினிய வெண்கலம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். அதனால் தீப்பொறி பறக்காத சாமான் எதுவானாலும் உடைந்தாலும் அது கைவேலைக்கு இல்லை.

நாகம், அதாவது துத்தநாகம், பூசின இரும்புக் குழாயைக் காய்ச்சினால் வருகிற வெள்ளைப் புகை இன்னொன்று. விளக்குத் தண்டு வளைக்க ஒரு துண்டைச் சூடாக்கினேன், காற்றோட்டம் சரியாக இல்லை. நாலைந்து மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி மலேரியா வந்த மாதிரி குளிர் தூக்கிப்போட்டது, நாக்கில் காசைச் சப்பின ருசி. அடுத்த நாள் சாயங்காலம் தானாக இறங்கியது. அதற்குப் பிறகு நாகம் பூசினதைச் சூட்டுக்குக் கொண்டுபோவதே இல்லை. பழைய வெள்ளிப் பற்றவைப்புக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும், அதன் புகை இதைவிட மோசம். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாத கம்பியை எடுக்கக் கூடாது. பழைய கப்பலில் கழற்றிப் போட்ட கேஸ்கட் தகட்டில் கல்நார் இருக்கலாம். 2011 ஜனவரி 1 முதல் கப்பலில் புதிதாகக் கல்நார் வைப்பதற்கே தடை. அதற்கு முன்னால் வைத்தது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. அடிமெத்தைக்கு ஆகுமே என்று வெட்டாதீர்கள். எந்த உலோகமானாலும் நெருப்பு வைக்கும் முன்னால் ஹாட் ஒர்க் அனுமதி தேவையா என்று கேட்டுவிட்டுத்தான்.

பயமுறுத்தியே சொல்லிவிட்டேன், நல்லதும் நிறைய இருக்கிறது. எனக்குப் பிடித்தது பித்தளை ஷிம் தகடு. மெஷினைச் சமமாக உட்கார வைக்க அடியில் சொருகுகிற மெல்லிய தகடு, வெட்டின மிச்சம் எப்போதும் இருக்கும். பெட்டிக்கு மூலைப்பட்டி, சாவித்துளைத் தகடு எல்லாம் அதில்தான் செய்கிறேன். பித்தளையைத் தட்டத் தட்ட முரடாகும், அதற்கு மேல் தட்டினால் கீறல் விடும். அப்போது விளக்கை மங்கலாக்கிக்கொண்டு, தகடு கருஞ்சிவப்பு காட்டும் வரை காய்ச்சி ஆறவிட்டால் மறுபடியும் வெற்றிலை மாதிரி மடங்கும். இரும்பு படித்துவிட்டு வந்த எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் விட்டால் இறுகும், பித்தளையோ தண்ணீரில் விட்டாலும் இளகியேதான் இருக்கும். காய்ச்சின கறுப்பையும் கடல்காற்றில் ஏறுகிற களிம்பையும் எடுக்க சமையல்காரரிடம் ஒரு எலுமிச்சை அளவு புளி வாங்கிக்கொள்வேன். கார்த்திகைக்கு ஆச்சி விளக்கு துலக்குகிற அதே பக்குவம்தான், வேறு எதுவும் தேவையில்லை.

பம்ப்பிலிருந்து கழற்றின வெண்கல புஷ்ஷும் (தண்டு உள்ளே சுழல்கிற வளையம்) லேத்தில் வெண்ணெய் மாதிரி கடைபடும். ஒரு சின்ன அகல் கடைந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். வாகைக்குளத்தில் வார்க்கிற வெண்கல விளக்கின் தோரணையை மனதில் வைத்துக்கொண்டு செய்தது. ஆனால் பேரிங் புஷ் வெண்கலத்தில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். அதில் விளக்கு செய்யலாம். டம்ளரோ கரண்டியோ, பிள்ளைகளுக்குக் கிலுக்கோ செய்யக் கூடாது. தாத்தா இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பார்.

தோலை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோகிறேன். கப்பலில் கிடைக்கிற தோல் என்றால் வெல்டிங் கையுறையும் ஏப்ரனும்தான். குரோமியத்தில் பதனிட்டது, தொளதொளவென்று இருக்கும், வடிவத்துக்கு நிற்காது. அதில் கத்திக்கு ஒரு உறை தைத்தேன். ஒரே மாதத்தில் தோல் இழுத்து வைத்திருந்த வேர்வையும் உப்பும் கத்தியில் ஏறிவிட்டது. இப்போது பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல் வாங்குகிறேன். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது பழைய தொழில். அந்த வகைத் தோலை நனைத்து ஒரு அச்சில் அழுத்தி நிழலில் காயவிட்டால் அந்த உருவத்திலேயே நின்றுவிடும். கத்தியையும் உறையில் வைத்தே பூட்டுவதை விட்டுவிட்டேன்.

முதல் தடவை அந்தத் தோலை ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்து நனைத்தேன். அரை மணி நேரத்தில் தோல் முழுக்க மிளகு தெளித்த மாதிரி கரும்புள்ளி. துடைத்தும் போகவில்லை. என்ன என்று புரியாமல் உட்கார்ந்திருந்தபோது ஆச்சி சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தான் எழுதுமை காய்ச்சுவார்களாம். தோலில் இருப்பது பட்டையின் துவர்ப்பு, மேசையில் கிடந்தது கிரைண்டர் கக்கிய இரும்புத்தூள், நடுவில் தண்ணீர். நான் தோல் நனைக்கவில்லை, மை காய்ச்சியிருக்கிறேன். எலுமிச்சைச் சாற்றை நீர் விட்டுத் தடவியதும் புள்ளிகள் பெரிதும் வெளுத்தன. இன்னும் கூர்ந்து பார்த்தால் ஒன்றிரண்டு தெரியும். ஈரத்தோலை இரும்பு பட்ட இடத்தில் வைக்கவே கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கேபின் மேசையில் பழைய பெட்ஷீட் விரித்து, கை கழுவிவிட்டுத்தான் தோலைத் தொடுகிறேன்.

தையலுக்கு ஒரு நூல், இரண்டு ஊசி. நூலின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஊசி. தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வேண்டும், தோல் கனமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். கான்வாஸ் தைக்கிற நூலைத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொள்வேன். ஓட்டைகளுக்கு இடைவெளி சமமாக வர மெஸ்ஸில் கழித்த முள்கரண்டி ஒன்றை வாங்கி, பல்லை நேராக்கி, நுனியை அராவி வைத்திருக்கிறேன். அதை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நாலு புள்ளி. முதல் பல்லை முந்தின தட்டின் கடைசிப் புள்ளியில் வைத்து அடுத்த தட்டு. குத்தூசியால் துளைத்து, ஒரே துளையில் இடது ஊசி வலப்பக்கமும் வலது ஊசி இடப்பக்கமும் போக வேண்டும். ஒவ்வொரு துளையிலும் எந்த ஊசி முதலில் போனது என்பதை மாற்றக் கூடாது, மாற்றினால் தையல் கோணிக்கொள்ளும். இரண்டு நூலையும் ஒரே பலத்தில் இழுத்து இறுக்குங்கள். மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாகப் பிரிந்து போகும். இதில் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையலை மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். இந்த வேலைக்கு மட்டும் கப்பல் ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. முழங்காலுக்கு இடையில் தோலை இடுக்கிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து தைக்கலாம். சிங்கப்பூர்ப் பக்கம் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும், வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும்.

அந்தத் தேக்குப் பெட்டிக்கு இன்னொரு கதை. உள்ளே பத்தமடைப் பாயின் ஓரத்துண்டை விரித்து, பித்தளைப் பட்டி அடித்து, தோலில் கீல் வைத்து முடித்தபோது வளைகுடா வறட்சி, கப்பலுக்குள் ஏ.சி. மூடி பட்டுப் போல இறங்கியது. ஐப்பசியில் லீவுக்கு வந்தேன். ஊரில் பத்து நாளாக அடைமழை. மகளிடம் கொடுத்தேன், அவளால் திறக்க முடியவில்லை. நானும் இழுத்தேன், வரவில்லை. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, ரேகைக்குக் குறுக்கே ஈரத்தைக் குடித்து விரியும். வறண்ட காற்றில் இடைவெளி இல்லாமல் பொருத்தினால் மழைக்கு இறுகும், மழையில் பொருத்தினால் சித்திரை வெயிலுக்கு ஆடும். எந்தக் காற்றில் செய்கிறோம், எந்த ஊரில் இருக்கப் போகிறது என்று இரண்டையும் பார்த்து, மூடிக்கு ஒரு நகக்கண் அளவு விட்டுவைக்க வேண்டும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் பெட்டி தானாகத் திறந்தது. அதற்குப் பிறகு ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துவிட்டேன்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றியும் ஒரு வார்த்தை. உளி, குத்தூசி, கத்தி எல்லாம் விமானத்தில் கையோடு எடுத்துப்போகிற பையில் வரக் கூடாது, செக்-இன் பெட்டியில்தான். ஆஸ்திரேலியாவில் இறங்கி விமானம் ஏறுவதாக இருந்தால் மரச் சாமானைக் கட்டாயம் அறிவித்துவிடுங்கள். பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலோ பூச்சித் துளை இருந்தாலோ எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

போன தடவை கப்பலேறும்போது மாமாவின் பட்டறையிலிருந்து எட்டு மஞ்சள் கடம்புக் கட்டைகளும், சாயம் கலக்காத அரக்கும், காய்ந்த தாழை ஓலையும் எடுத்துப்போனேன். தாத்தாவுக்குப் பிறகு பட்டறை மாமா கையில் இருக்கிறது. அட்லாண்டிக்கில் கண்ணாடி மாதிரி கிடந்த ஒரு வாரத்தில், லேத்தின் அதிக வேகத்தில் வைத்து ஒரு உரல், ஒரு பானை, ஒரு ஆட்டுக்கல் கடைந்தேன். மற்ற ஐந்து கட்டை பழகுவதற்கே போயிற்று. சுழல்கிற மரத்தில் அரக்கை அழுத்தினால் உரசுகிற சூட்டிலேயே உருகிப் படியும். பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தி ஓட்டினால் திட்டுத்திட்டாக இருந்தது விரிந்து கண்ணாடி ஏறும். அந்த வாடை இன்ஜின் ரூம் டீசல் வாடைக்கு நடுவில் வந்தபோது கொஞ்ச நேரம் லேத்தை நிறுத்திவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் மாமா வீட்டுக்கு எடுத்துப்போனேன். மாமா பேசவில்லை. உரலை எடுத்து மோந்து பார்த்தார். நகத்தால் அடியில் கீறினார்.

"எந்த ஊர்க் கட்டைலே இது?"

"நம்மூருதான் மாமா. நீங்க குடுத்ததுதான்."

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்துல அரக்கு பத்தல. ஓலைய அங்கன பைய நிறுத்தணும், நீ ஓட்டிருக்க. நாளைக்குக் காலைல பட்டறைக்கு வா" என்றார். உரலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு பானையையும் ஆட்டுக்கல்லையும் மகளிடம் கொடுத்தார்.